கோதுமை செடிக்கு வைரசும் பங்கசும் சேந்து வந்தா என்ன ஆகும்?

நம்ம மலையகத்துல கோதுமை மாவு இல்லாத வீடு கிடையாது, காலையில வேலைக்கு போறதுக்கு முன்ன ரொட்டியும் சம்பலும், நெறைய வீட்ல ராத்திரிக்கும் அதேதான், ஆனா கோதுமை செடிய கண்ணால பாத்தவங்க எத்தனை பேர்னு கேட்டா ரொம்ப கொறவு. ஏன்னா இலங்கையில கோதுமை விவசாயம்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல, எல்லாமே வெளிநாட்டுல வெளஞ்சு கப்பல்ல வந்து மில்லுல அரைபட்டு மூட்டையா மேல ஏறி வருது. அங்க விளைச்சல் விழுந்தா இங்க கடையில மாவு வெல ஏறும், அத நம்ம எல்லாரும் அனுபவிச்சிருக்கோம். அதனால அந்த செடிக்கு என்ன நோய் வருது, எப்பிடி வருதுன்னு தெரிஞ்சுக்கிறது நமக்கு தூரத்து விஷயம் இல்ல. ஏ.எல்-க்கு உயிரியல், விவசாயம் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கும், நுவரெலியா, வெலிமடை பக்கம் கெழங்கு, மரக்கறி செய்றவங்களுக்கும் புரியிற மாதிரி எழுதப் பாக்குறேன்.

புத்தகத்துல நோய ஒண்ணொண்ணா தனித்தனியா படிக்கிறோம். இது வைரஸ் நோய், இது பங்கசு நோய், இதுக்கு இந்த அறிகுறி, இதுக்கு இந்த மருந்து. வயல்ல அப்பிடி இல்லீங்க. ஒரே செடியில ஒரே நேரத்துல வேர்ல ஒண்ணு, இலையில ஒண்ணு, கதிர்ல ஒண்ணுன்னு ரெண்டு மூணு நோய் இருக்கிறது சாதாரணம். கண்ணுக்கு தெரியிறது பங்கசு, ஏன்னா அது தூளா, புள்ளியா, கருகலா வெளிய காட்டிருது. வைரஸ் அப்பிடி காட்டாது, செடி லேசா மஞ்சளாகும், கொஞ்சம் கட்டையா நிக்கும், யூரியா பத்தலன்னு நெனச்சு விட்ருவாங்க. ஆனா சில நேரத்துல மொதல்ல வந்தது வைரசாவும், பங்கசுக்கு எடம் பண்ணிக் குடுத்தது அதுவாவும் இருக்கும். இந்த ஒரு விஷயம் வெளங்கிட்டா மீதி எல்லாம் தானா வெளங்கும்.

மொதல்ல ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த பாத்துருவோம். பங்கசு தானா பரவும், விதை மாதிரி இருக்கிற அதோட வித்தி காத்துல வரும், மழைத்துளி பட்டு தெறிக்கும், இலை சில மணி நேரம் ஈரமா இருந்தா நெறைய வகை வித்தி மொளைச்சு உள்ள எறங்கிரும். வைரசுக்கு அந்த வசதி கெடையாது, நல்லா இருக்கிற இலைய துளைச்சு உள்ள போக அதால முடியாது, யாராவது கொண்டு போய் விடணும். கோதுமையில அந்த வேலைய செய்றது முக்கியமா மூணு பேர். ஒண்ணு அழுக்கணவன் பூச்சி, இது பார்லி மஞ்சள் குட்டை வைரஸ கொண்டு போகுது. பேர்ல பார்லின்னு இருந்தாலும் கோதுமை, ஓட்ஸ், நூத்துக்கும் மேல புல் வகைன்னு எல்லாத்துலயும் வரும், அதனால வயல் ஓரத்துல இருக்கிற புல்லே அதுக்கு வீடு. ரெண்டாவது கோதுமை சுருட்டை சிற்றுண்ணி, ஒரு மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்குதான் நீளம், காத்துல பறந்து வந்து விழும், இது கோதுமை கீற்று மொசெய்க் வைரஸ கொண்டு வருது, அமெரிக்காவுல கன்சாஸ், நெப்ராஸ்கா பக்கம் இது பெரிய தலைவலி. மூணாவது மண்ணுல இருக்கிற பொலிமிக்சான்னு ஒரு நுண்ணுயிர், அத பத்தி தனியா சொல்லணும்.

இந்த பொலிமிக்சா கோதுமை வேர்ல வாழுது. ரொம்ப காலமா இத பங்கசுன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க, இப்ப அது உண்மையான பங்கசு இல்ல, பங்கசு மாதிரி நடந்துக்கிற வேற கூட்டம்னு பிரிச்சிட்டாங்க. இது தனியா வேர்ல இருந்தா கோதுமைக்கு பெரிசா ஒண்ணும் ஆகாது. ஆனா மண்வழி கோதுமை மொசெய்க் வைரஸ் இதோட வித்திக்குள்ள ஒக்காந்துக்கும், அந்த வித்தி மண்ணுல வருஷக்கணக்கா, பத்து வருஷத்துக்கு மேலயும் உயிரோட கெடக்கும், குளிர்ந்த ஈரமான மண்ணு கெடச்சதும் மொளைச்சு வேருக்குள்ள போறப்ப வைரசும் சேந்து உள்ள போயிரும். தனியா இருந்தா சாது, சேந்தா வயலே மஞ்சள். ஒரு தடவ நெலத்துல பிடிச்சிட்டா பயிர மாத்தி வெச்சும் சுலபத்துல போகாது, தாங்குற ரகம் போடுறதுதான் வழி.

சரி, இப்ப அழுக்கணவன் கதைக்கு வருவோம், அதுலதான் விஷயம் நெறைய இருக்கு. கோதுமையில வர்ற ஒரு முக்கியமான அழுக்கணவன பூதக்கண்ணாடி வெச்சு பாத்தா, கரும்பச்சையா ஒலிவ் காய் நெறத்துல சின்ன உருண்டையா இருக்கும், பின்பக்கம் ரெண்டு குழல் மாதிரி நீட்டிட்டு இருக்கிற எடத்த சுத்தி துருப்பிடிச்ச மாதிரி ஒரு செவப்பு திட்டு. இலையோட அடியிலயும் தண்டுக்கும் இலைக்கும் நடுவுல இருக்கிற இடுக்குலயும் கூட்டமா ஒக்காந்து, ஊசி மாதிரி வாய நேரா உரியத்துக்குள்ள எறக்கி சாறு குடிக்கும். உரியம்னா இலையில செஞ்ச சீனிய வேருக்கும் கதிருக்கும் கொண்டு போற குழாய், ஏ.எல் படிக்கிறவங்களுக்கு தெரியும். மஞ்சள் குட்டை வைரஸ் அந்த உரியத்துல மட்டும்தான் குடியிருக்கும், வேற எடத்துக்கு போகாது. ஒரு தடவ வைரஸ் உள்ள போன அழுக்கணவன் சாகுற வரைக்கும் செடி செடியா போய் குடுத்துட்டே இருக்கும்.

உரியம் கெட்டுப்போனா என்ன ஆகும்? நம்ம தோட்டத்துல ஒரு நாள் கொழுந்து நல்லா பறிச்சு மடுவத்துல நிறுத்து குமிச்சு வெச்சிருக்காங்கன்னு வெச்சுக்கங்க, ஸ்டோருக்கு ஏத்திட்டு போக லொறி வரல, மழைக்கு ரோட்டுல மண்ணு சரிஞ்சு போச்சு. கொழுந்து மடுவத்துலயே சூடாகி செவந்து போகும், ஸ்டோர்ல மெஷின் சும்மா நிக்கும். கோதுமை இலையில நடக்கிறது அதேதான். இலை வேலை செஞ்சு சீனி செய்யுது, ஆனா அது கீழ எறங்க முடியாம இலையிலயே தேங்குது, தேங்கின சீனி இலைய தடிப்பாக்கி ஒளித்தொகுப்ப மெதுவாக்குது, நுனியில இருந்து ஓரம் வழியா மஞ்சளாவோ ஊதா கலந்த செவப்பாவோ நெறம் எறங்குது. அந்தப் பக்கம் வேர் பட்டினி கெடக்குது. வேர் சின்னதா போச்சுன்னா தண்ணியும் உரமும் இழுக்கிறதும் கொறையும். செடி எவ்வளவு சின்ன வயசுல இருக்கிறப்ப வைரஸ் வருதோ அவ்வளவு மோசம், மட்டம் வெடிக்கிறதுக்கு, அதாவது அடியில பக்கத் தண்டு விடுறதுக்கு, முன்னயே வந்துட்டா அந்த செடி கட்டையாவே நின்னுரும்.

இப்ப இந்த நெலமையில இருக்கிற செடிக்கு பங்கசு வருது. எந்த பங்கசுங்கிறதுதான் இங்க முக்கியமான கேள்வி, ஏன்னா எல்லா பங்கசும் ஒரே மாதிரி சாப்பிடாது. துரு நோய், வெண்தூள் நோய் இதெல்லாம் உயிரோட இருக்கிற கலத்துல இருந்துதான் சாப்பாடு எடுக்கும், கலம் செத்துட்டா அதுக்கும் சாவுதான். இன்னொரு கூட்டம் இருக்கு, கலத்த கொன்னு போட்டுட்டு அப்பறம் சாப்பிடும், இலைக்கருகல், வேரழுகல் செய்றதுல நெறைய இந்த வகை. கதிர் வெளுக்கிற நோய செய்ற பியூசேரியம் மொதல்ல கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு அப்பறம் கொல்ல ஆரம்பிக்கிற ரகம்.

வைரஸால மஞ்சளாகி, சீக்கிரம் கெழடு தட்டி, ஓரம் காய ஆரம்பிச்ச இலை இருக்கே, அது கொன்னு சாப்பிடுற பங்கசுக்கு ரொம்ப வசதி. சின்னதாப் போன வேரு வேரழுகல் பங்கசுக்கு வசதி, நல்ல வேர்க்கட்டு இருந்தா அதுல கொஞ்சம் அழுகினாலும் செடி சமாளிக்கும், இருக்கிறதே பாதி வேருன்னா எதுல சமாளிக்கும்? ஆனா உயிருள்ள கலம் கேக்குற பங்கசுக்கு இதே இலை நல்ல எடம் இல்ல. அதனாலதான் ஓட்ஸ், பார்லியில வெச்சு பாத்த சில பரிசோதனையில, மஞ்சள் குட்டை வைரஸ் இருக்கிற செடியில வெண்தூள் நோய் கொறஞ்சும் போயிருக்கு. ரெண்டு நோய் சேந்தா எப்பவும் ரெட்டிப்பு நாசம்தான்னு நெனைக்கிறது சரியில்ல, யாரு மொதல்ல வந்தா, ரெண்டாவது வந்தது என்ன வகை, செடிக்கு என்ன வயசு, இத எல்லாம் பாத்துதான் சொல்லணும்.

செடியோட எதிர்ப்பு சக்தியிலயும் இதே மாதிரி ஒரு இழுபறி இருக்கு. செடிக்கு நம்மள மாதிரி ரத்தமோ வெள்ளை அணுவோ இல்ல, ஓமோன் மாதிரியான சில பொருள வெச்சுதான் கலத்துக்கு கலம் தகவல் சொல்லுது. சலிசிலிக் அமிலம் கூடினா பொதுவா வைரசுக்கும் உயிருள்ள கலத்துல வாழுற பங்கசுக்கும் எதிரான வேலை நடக்கும், ஜாஸ்மோனிக் அமிலம் கூடினா கொன்னு சாப்பிடுற பங்கசுக்கும் இலைய கடிக்கிற பூச்சிக்கும் எதிரான வேலை நடக்கும். பிரச்சினை என்னன்னா, நெறைய நேரத்துல ஒண்ணு ஏறினா மத்தது எறங்கும். வைரசோட சண்ட போட ஒரு பக்கம் தயாரான செடி மத்த பக்கம் பலவீனமா நிக்கும். போதாததுக்கு வைரசுக்குன்னு சொந்த தந்திரம் இருக்கு, வைரசோட ஆர்.என்.ஏ-வ துண்டு துண்டா வெட்டுற ஒரு பாதுகாப்பு முறை செடிகிட்ட இருக்கு, அத முடக்குறதுக்குன்னே சில புரதத்த வைரஸ் செஞ்சு விடுது.

தண்ணி விஷயத்தையும் சேத்து பாக்கணும். துரு நோய் வந்த இலைய வெரலால தடவினா செம்மஞ்சள் தூள் கையில ஒட்டும், அந்த தூள் முழுக்க வித்திதான். அது வெளிய வர்றதுக்கு இலையோட தோல கிழிச்சிட்டுதான் வரும், ஒரு இலையில அப்பிடி நூத்துக்கணக்குல கிழிசல், ஒவ்வொண்ணுலயும் தண்ணி ஆவியா போகும். வைரஸ் வேர சின்னதாக்கி தண்ணி உள்ள வர்றத கொறைச்சிருச்சு, துரு இலைய கிழிச்சு தண்ணி வெளிய போறத கூட்டிருச்சு, வெயில் கூடின ஒரு வாரம் வந்தா போதும், மணி பால் பிடிக்கிற நேரத்துல செடி வாடி நிக்கும்.

துரு நோய்னு சொன்னதும் நம்ம ஊரு சரித்திரம் ஞாபகம் வராம இருக்காது. 1869ல மடுல்சீமை பக்கம் கோப்பி இலையில மொத மொதல்ல கண்ட அந்த செம்மஞ்சள் தூளும் துரு நோய்தான், கோதுமை துருவுக்கு சொந்தக்கார பங்கசு. அத ஆராய்ச்சி பண்ண மார்ஷல் வார்ட்னு ஒரு இளம் விஞ்ஞானிய 1880ல இங்க அனுப்பினாங்க, 1882 வரைக்கும் இருந்து அந்த பங்கசோட வாழ்க்கைய படிச்சாரு, ஆனா கோப்பிய காப்பாத்த முடியல. மலை பூரா தேயிலையா மாறினதுக்கு அது ஒரு பெரிய காரணம். ஒரு பங்கசு ஒரு நாட்டோட நெலத்தையும் அதுல வேலை செய்ற சனங்களோட வாழ்க்கையையும் மாத்தும்னு ஒலகத்துக்கே காட்டின எடம் இது, அதனால இந்த பாடத்த நம்ம புள்ளைங்க மத்தவங்கள விட கூடுதல் அக்கறையா படிக்கணும்னு நான் நெனைக்கிறேன்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படுற விஷயத்துக்கு வர்றேன், பியூசேரியமும் மஞ்சள் குட்டை வைரசும். கோதுமை பூ பூக்கிற நேரத்துல மழை பேஞ்சா பியூசேரியம் வித்தி பூ வழியா கதிருக்குள்ள போகும், போன போகத்துல சோளம் போட்டு அந்த தட்டைய வயல்ல விட்டிருந்தா இன்னும் மோசம், வித்தி அதுலதான் வளருது. ரெண்டு மூணு வாரத்துல பாத்தா பச்சை கதிர்ல பாதி மட்டும் வைக்கோல் நெறத்துல வெளுத்து நிக்கும், உமிய பிரிச்சு பாத்தா அடியில இளஞ்செவப்பா ஒரு பூச்சு, உள்ள மணி சுருங்கி சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா, கையில எடுத்தா கனமே இருக்காது. விளைச்சல் போனது ஒரு பக்கம், அந்த மணியில டீஒக்சிநிவலெனோல்னு ஒரு நஞ்சு இருக்கும், சுருக்கமா டொன். கூடுதலா சாப்பிட்டா குமட்டல், வாந்தி வரும், பன்னி அந்த தீவனத்த கொறைச்சுதான் தின்னும், நஞ்சு ரொம்ப கூடினா தொடவே தொடாது. சூட்டுக்கு இது லேசுல அழியாது, மாவா அரைச்சு சுட்டாலும் பெரும்பங்கு அப்பிடியே இருக்கும். அதனாலதான் சர்வதேச உணவு தரக்குழுவான கோடெக்ஸ் கோதுமை மணியில கிலோவுக்கு 2 மில்லிகிராம், மாவுல 1 மில்லிகிராம்னு உச்ச அளவு வெச்சிருக்கு. மில்லுல மணிய சுத்தம் பண்றப்ப கனமில்லாத சுருங்கின மணிய ஊதி தள்ளிட்டா இந்த நஞ்சு கொறையும், அரைச்சதுக்கு அப்பறம் வெள்ளை மாவ விட தவிட்டுலதான் இது கூட இருக்கும்.

மஞ்சள் குட்டை வைரஸ் ஏற்கனவே இருக்கிற கோதுமைக்கு பியூசேரியத்த குடுத்து பாத்தப்ப, வைரஸ் இல்லாத செடிய விட கதிர்ல நோயும் கூடியிருக்கு, டொன் நஞ்சும் கூடியிருக்கு. வைரஸ் இல்லாத அழுக்கணவன் கதிர்ல ஒக்காந்திருந்தாலே பியூசேரியம் வேகமா பரவுதுன்னும் காட்டியிருக்காங்க. அதாவது, செடி சின்னதா இருக்கிறப்ப இலைக்கு அடியில ஒக்காந்த ஒரு பூச்சிக்கும், மாசக்கணக்கு கழிச்சு மணியில சேர்ற நஞ்சுக்கும் தொடர்பு இருக்கு. இத வெறும் விளைச்சல் கணக்கா மட்டும் பாக்காதீங்க, இது சாப்பாட்டு பாதுகாப்பு விஷயம், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை ரொட்டி சாப்பிடுற சனங்களுக்கு இன்னும் கூட.

கணக்குன்னதும் ஒரு சின்ன விஷயம், பரீட்சைக்கும் உதவும். வைரஸ் தனியா வந்தா 20 வீதம் நட்டம், பங்கசு தனியா வந்தா 25 வீதம் நட்டம்னு உதாரணத்துக்கு வெச்சுக்குவோம். ரெண்டும் வந்தா 45ன்னு கூட்டக்கூடாது. வைரஸ் 20 எடுத்ததுக்கு அப்பறம் மீதி 80தான், பங்கசு அந்த 80ல 25 வீதத்த, அதாவது 20 எடுக்கும், ஆக மொத்தம் 40. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம வேலை செஞ்சா வர்ற அளவு இது. வயல்ல அளந்து பாத்து 40 விட தெளிவா கூட வந்தா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கை குடுக்குதுன்னு அர்த்தம், கொறைவா வந்தா ஒண்ணு மத்தத தடுக்குதுன்னு அர்த்தம். இந்த ஒப்பீடு இல்லாம ரெண்டும் சேந்து மோசம்னு சும்மா சொல்றதுல பிரயோசனம் இல்ல.

மருந்து அடிச்சா போகாதான்னு கேப்பீங்க. பங்கசு மருந்து வைரஸ ஒண்ணும் செய்யாது, செடிக்குள்ள போன வைரஸ வெளிய எடுக்கிற மருந்தே கெடையாது. கதிர் நோய்க்கு பூ பூக்கிற அந்த சில நாளுக்குள்ள பங்கசு மருந்து அடிக்கணும், ஆனா வைரஸ் வந்த வயல்ல செடி ஒரே சீரா பூக்காது, சிலது பிந்தி கதிர் தள்ளும், அடிச்ச நேரம் பாதி செடிக்கு சரி பாதி செடிக்கு தப்புன்னு ஆயிரும். அதனால விதைக்கிறதுக்கு முன்னயே வேலை தொடங்கணும். போன அறுவடையில சிந்தின மணி தானா மொளைச்சு நிக்கும், முக்கியமா அறுவடைக்கு முன்ன ஆலங்கட்டி மழை அடிச்ச வயல்ல மணி கொட்டி மொளைக்கும், சிற்றுண்ணியும் வைரசும் அடுத்த போகம் வரைக்கும் தங்குறது அதுலதான், அத பூரா அழிக்கணும். குளிர்காலத்துக்கு முன்ன விதைக்கிற நாடுகள்ல கொஞ்சம் பிந்தி விதைச்சா அழுக்கணவன் பறக்குற காலம் தாண்டிரும். விதைக்கு பூச்சி மருந்து பூசி விதைக்கிறது ஒரு காலத்துல சுலபமான வழியா இருந்துச்சு, தேனீக்கு ஆபத்துன்னு ஐரோப்பிய ஒன்றியம் 2018ல மூணு முக்கியமான மருந்த வெளி வயலுக்கு தடை பண்ணினதுக்கு அப்பறம் அங்க அந்த வழியும் அடைபட்டு போச்சு.

ரகத்துல எதிர்ப்பு சக்தி கொண்டு வர்றதுதான் நெலையான வழி. எல்.ஆர்.34னு ஒரு ஜீன் இருக்கு, இலைத்துரு, மஞ்சள் துரு, தண்டுத்துரு, வெண்தூள் நோய்னு பல பங்கசுக்கு அது ஒண்ணே ஓரளவு தடுப்பு குடுக்குது, மஞ்சள் குட்டை வைரஸ தாங்குற குணமும் அதோட சேந்து வர்றதா கண்டிருக்காங்க. முழுசா தடுக்காது, நோய மெதுவாக்கும், ஆனா பல வருஷம் ஆகியும் பங்கசு அத ஒடைக்கல.

நம்ம கெழங்கு வயலுக்கு வந்தா பயிரும் நோயும் வேற, யோசிக்கிற முறை அதேதான். உருளைக்கெழங்குல இலைச்சுருள் வைரசையும், வை (Y)ன்னு பேர் வெச்ச இன்னொரு வைரசையும் கொண்டு வர்றது அழுக்கணவன், வெதைக்கெழங்கு வழியாவும் வருது. மூட்டமும் தூறலும் விடாம இருக்கிற வாரத்துல பிந்திய வெளிறல் வருது, அதுவும் பொலிமிக்சா மாதிரியே பங்கசுன்னு பேரெடுத்த, ஆனா உண்மையான பங்கசு இல்லாத ஒண்ணு. கருகல கண்டதும் டாங்கிய தூக்குறதுக்கு முன்ன, கருகாத செடியில இலைய திருப்பி அடிப்பக்கம் பாருங்க, இலை மேல் பக்கமா சுருண்டு தடிச்சு இருக்கா, பச்சையும் மஞ்சளும் கலந்து திட்டு திட்டா இருக்கா, பக்கத்து செடிய விட கட்டையா இருக்கா. அப்பிடி இருந்தா அந்த செடியோட கெழங்க வெதைக்கு எடுக்காதீங்க. சந்தேகமா இருந்தா விவசாய போதனாசிரியர்கிட்ட காட்டுங்க, காஞ்சு போன இலைய கொண்டு போறதுல பிரயோசனம் இல்ல, இப்பதான் நெறம் மாற ஆரம்பிச்ச இளம் இலைய ஈரம் தொடைச்சு பேப்பர்ல சுத்தி, எந்த வரம்புல எந்த செடின்னு எழுதி, பறிச்ச அன்னைக்கே குடுங்க.